மாமாவின் ஒயில் பரலும் மாறிக்கொண்டிருக்கும் சட்டமும்

மாங்குளத்துக்குக் கிட்ட, ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே என் மாமாவின் கராஜ் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஒரு நீலப் பரல். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் எதுவானாலும் ஒயில் மாற்றும்போது வடிகிற கறுப்பு ஒயில் அதற்குள்தான் போகும். கழிவு ஒயில் என்போம். பரலுக்கு மூடி கிடையாது. மாரி மழை விழுந்தால் தண்ணீர் அடியில் தங்க, ஒயில் மேலே எழும்பி விளிம்பால் வழியும். பரலைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் கறுத்து, காலை வைத்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் அறுகம்புல்கூட முளைப்பதில்லை.

அந்த ஒயிலுக்கு ஊரில் நல்ல கேள்வி. வேலி அடைப்பவர்கள் போத்தலோடு வந்து நிற்பார்கள். தேங்காய்த் தும்பை அதில் தோய்த்துக் கட்டையின் அடிப்பாகத்துக்குப் பூசி நட்டால் கறையான் ஏறாது. மாமாவின் வீட்டுக் கைமரம், சிலாகை எல்லாவற்றுக்கும் அதே ஒயில்தான்.

போன மாரிக்கு முன் ஒருநாள் அவரிடம் சொன்னேன்: "மாமா, இது ஆபத்தான கழிவுப் பட்டியலில இருக்கிற சாமான். இப்பிடித் திறந்து வைக்கிறது பிழை."

தும்பை ஒயிலில் அமுக்கிக்கொண்டே கேட்டார்: "முப்பது வருசமாப் பூசுறன் தம்பி. அப்ப இல்லாத ஆபத்து இப்ப எங்கயிருந்து வந்தது?"

நியாயமான கேள்வி. ஆபத்து அப்போதும் இருந்தது, சட்டம் அதைக் காணாமல் இருந்தது என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் ஏன் காணவில்லை, பிறகு எப்படிக் கண்டது, நாளைக்கு இன்னும் எதையெல்லாம் காணப்போகிறது என்று கேட்டால் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். சட்டம் என்றதும் பாராளுமன்றத்தில் கையுயர்த்தி நிறைவேற்றுகிற ஒன்றைத்தான் நினைக்கிறோம். கழிவு விஷயத்தில் அது தாய்ச்சட்டம் மட்டுமே. இலங்கைக்கு அது 1980-ம் ஆண்டின் 47-ம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். அதைச் செயற்படுத்த மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1981-ல் வந்தது. தாய்ச்சட்டம் அடிக்கடி மாறாது. 1988-லும் 2000-லும் பெரிய திருத்தங்கள் நடந்தன. தொழிற்சாலைகள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1988 திருத்தத்தோடுதான் வந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடுகிற ஒழுங்குவிதிகளும் கட்டளைகளும் வேறு. அடிக்கடி மாறுபவை அவைதான். எது ஆபத்தான கழிவு, யார் அனுமதி எடுக்க வேண்டும், எதைத் தடை செய்வது என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்படுகின்றன. ஆகவே "சட்டம் 1980-ல் வந்ததுதானே, அதில் என்ன புதிது?" என்று யாராவது கேட்டால், தாய்ச்சட்டத்தின் ஆண்டைப் பார்த்துப் பயனில்லை. கடைசியாக வந்த வர்த்தமானியின் திகதியைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அந்தப் பட்டியல் ஏன் மாறுகிறது? எனக்குத் தெரிந்து இதற்கு மிக நல்ல உதாரணம் எங்கள் வன்னியிலேயே இருக்கிறது. என் அம்மம்மா சொல்லுவா, சின்ன வயதில் வீட்டுக்கு மருந்தடிக்க ஆட்கள் வருவார்களாம். சாமான்களை முற்றத்தில் எடுத்து வைத்துவிட்டுச் சுவரெல்லாம் விசிறி அடித்துவிட்டுப் போவார்கள். காய்ந்த பிறகு மண்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்குமாம். அது டி.டி.ரி. இலங்கையில் மலேரியாவுக்கு எதிராக 1946-ல் அது பெரிய அளவில் இறங்கியது. வன்னி அப்போது காய்ச்சல் காடு. குளங்களைத் திருத்திக் குடியேறிய ஆட்களுக்கு டி.டி.ரி. உயிர் காத்த மருந்து. 1963-ல் நாடு முழுவதற்கும் 17 மலேரியா நோயாளிகள்தான் பதிவானார்கள் என்றால் பாருங்கள்.

பிறகு நுளம்பு அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது, மலேரியா திரும்பி வந்தது, 1970களில் டி.டி.ரி.யை விட்டு மலத்தியனுக்கு மாறினார்கள். அதே காலத்தில் உலகம் முழுக்க இன்னொரு விஷயம் தெரியவந்தது. டி.டி.ரி. எளிதில் சிதைவதில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் பல ஆண்டு கிடந்து, மீனுக்கும் பறவைக்கும் மனிதனுக்கும் ஏறி, உடம்புக் கொழுப்பில் சேருகிறது. 2001-ல் கையெழுத்தாகி 2004-ல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, நீடித்து நிற்கும் இப்படியான 12 இரசாயனங்களைப் பட்டியலிட்டது. டி.டி.ரி.யும் அதில் ஒன்று. நோய் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக மட்டும் வரையறையோடு பாவிக்கலாம் என்று விட்டுவைத்தார்கள். இலங்கை 2005-ல் அதில் சேர்ந்தது. அந்தப் பட்டியலும் 12-ல் நிற்கவில்லை. வயலுக்கு அடித்த எண்டோசல்பான் 2011-ல் சேர்க்கப்பட்டது. இலங்கையோ அதை 1998-லேயே நிறுத்திவிட்டது.

மூலக்கூறு அன்றும் இன்றும் ஒன்றுதான். அதைப் பற்றி மனிதருக்குத் தெரிந்தது வளர வளர, மருந்து என்று வாங்கி வைத்த அதே தூள் களஞ்சியத்தில் மிஞ்சியபோது ஆபத்தான கழிவாகிவிட்டது. அம்மம்மாவின் சுவருக்கு அடித்தவர்கள் பிழை செய்யவில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நல்லதைத்தான் செய்தார்கள்.

அறிவு வளர்வது ஒரு காரணம். ஆனால் உண்மையைச் சொன்னால், சட்டத்தை வேகமாகத் தள்ளியவை பெரும்பாலும் பேரழிவுகள். இதைச் சொல்ல மனசு கஷ்டப்படுகிறது, ஆனாலும் வரலாறு அப்படித்தான்.

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிப் பக்கம் லவ் கால்வாய் என்று ஓர் இடம். பாதி வெட்டி விட்ட கால்வாயில் ஓர் இரசாயன நிறுவனம் 1940களில் தன் கழிவைப் புதைத்தது. மூடிவிட்டு 1953-ல் அந்தக் காணியை ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபைக்கு எழுதிக் கொடுத்தது. மேலே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1970களின் கடைசியில் மழைக்காலத்தில் நிலவறைகளுக்குள் இரசாயனம் ஊறி வரத் தொடங்கியது. 1978-ல் அவசரநிலை பிரகடனம் செய்து சனத்தை எழுப்பினார்கள். அதன் பிறகு 1980-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் ஒரு புதுக் கதவைத் திறந்தது: நீ கொட்டிய காலத்தில் அது குற்றமாக இல்லாவிட்டாலும், சுத்தம் செய்கிற செலவு உன் தலையில்தான். வழக்கமாகச் சட்டம் பின்னோக்கிப் போகாது. இந்த விஷயத்தில் போனது, ஏனென்றால் புதைத்த நஞ்சு முன்னோக்கி வந்துகொண்டே இருந்தது.

இன்னொரு கதை நைஜீரியாவின் கோகோ என்ற சிறு துறைமுக ஊரில் நடந்தது. இத்தாலியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான நஞ்சுப் பீப்பாய்களை ஒருவருடைய வளவில் சொற்ப வாடகைக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 1988-ல் அது வெளியே வந்தது. பணக்கார நாடுகளில் கழிவுச் சட்டம் இறுகி, அங்கே அகற்றுவதற்குச் செலவு ஏறியதும், கழிவு கப்பலேறி ஏழை நாடுகளுக்குப் புறப்பட்டது. ஓர் இடத்தில் சட்டம் இறுகினால் குப்பை இளகிய இடம் தேடிப் போகும், பள்ளம் கண்ட தண்ணீர் மாதிரி.

அதைத் தடுக்கத்தான் 1989 மார்ச்சில் பாசல் உடன்படிக்கை வந்தது. 1992-ல் நடைமுறைக்கு வந்த அதில் இலங்கையும் அதே ஆண்டு சேர்ந்தது. சாரம் எளிமையானது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆபத்தான கழிவு போக வேண்டுமானால், வாங்குகிற நாட்டுக்கு முன்கூட்டியே அறிவித்து, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் இல்லாமல் வந்ததை அனுப்பிய நாடே திருப்பி எடுக்க வேண்டும். இந்த உடன்படிக்கையும் அப்படியே நிற்கவில்லை. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு ஆபத்தான கழிவு அனுப்பவே கூடாது என்ற திருத்தம் 1995-ல் எழுதப்பட்டு, போதுமான நாடுகள் ஒப்புக்கொண்டு நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் ஆகிவிட்டது. 24 வருடம்! அழுக்கான பிளாஸ்டிக் கழிவு 2021 ஜனவரியிலிருந்து இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இலத்திரனியல் கழிவு விதி 2025 ஜனவரியிலிருந்து இன்னும் இறுகியது.

இதெல்லாம் ஜெனீவாக் கதை, எங்களுக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2019-ல் கொழும்புத் துறைமுகத்தில் பிரித்தானியாவிலிருந்து வந்த கொள்கலன்கள் நாறத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். பழைய மெத்தை என்று பதிந்து, உள்ளே கலப்புக் கழிவு. சுற்றாடல் அமைப்பு ஒன்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2020-ல் திருப்பி அனுப்பத் தொடங்கி, 263 கொள்கலன்களில் கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது. இலங்கை 1992-ல் போட்ட கையெழுத்து 30 வருடம் கழித்து உதவியது.

இனி எங்கள் பக்கம். இலங்கையில் தொழிற்சாலைக் கழிவு பற்றிய ஒழுங்குவிதிகள் 1990-ல் வந்தன. பாசலில் சேர்ந்த பிறகு, ஆபத்தான கழிவுக்கென்று தனி விதிகளை 1996 மே மாத வர்த்தமானி சேர்த்தது. 2008 பெப்ரவரி 1-ல் அவற்றைத் திருத்தி எழுதி, "அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு" என்ற பெயரில் நீண்ட பட்டியலைப் போட்டார்கள். இன்றைக்கும் பேசப்படுகிற அடிப்படை அதுதான்.

இந்தத் திகதிகளை வன்னியில் இருந்தவர்கள் தங்கள் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். 1996 மே வர்த்தமானி அச்சாகி நாலு மாதத்தில் கிளிநொச்சி நகரம் கைமாறிச் சனம் காட்டுப்பக்கம் போய்விட்டது. அது பொருளாதாரத் தடைக்காலம். ரோர்ச் பற்றரி தடைப்பட்ட பொருள். தீர்ந்த பற்றரியை யாரும் எறியவில்லை. வெயிலில் வைத்து, ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் செய்தி கேட்கப் பார்த்தார்கள். அந்த நாளில் எங்களிடம் கழிவு என்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை, கழிவாக விடுவதற்குப் பொருள் வேண்டுமே. 2008 பெப்ரவரியில் புதிய பட்டியல் வந்த ஆண்டு மன்னார்ப் பக்கச் சனம் மூட்டை முடிச்சோடு கிழக்கே நகரத் தொடங்கியது. அந்த வர்த்தமானியை வன்னியில் யார் வாசித்திருப்பார்கள்?

மீள்குடியேறிய பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்தது. மின்சாரம், கைத்தொலைபேசி, ஓட்டோ, லீசிங்கில் உழவு இயந்திரம், சுருள் மின்குமிழ், மடிக்கணினி. தெற்கில் நாற்பது வருடத்தில் சேர்ந்த கழிவு வகைகள் வன்னியில் பத்துப் பதினைந்து வருடத்தில் சேர்ந்தன. விதி ஏற்கெனவே இருந்தது. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் வரவில்லை. மாமா அறியாமல் இருந்தார் என்று அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுதான் காரணம்.

அந்தப் பட்டியல் எப்படி இருக்கும்? இரண்டு பகுதி. ஒன்று, எங்கிருந்து வந்தாலும் ஆபத்தானவை. கழிவு ஒயில், ஈய-அமிலப் பற்றரி, பாதரசம் உள்ள மின்குமிழ், அஸ்பெஸ்டஸ், இலத்திரனியல் கழிவு போன்றவை. மற்றது, குறிப்பிட்ட தொழில்களிலிருந்து வருபவை. பீடைநாசினி தயாரிப்பில் மிஞ்சுவது, வைத்தியசாலைத் தொற்றுக்கழிவு போல. இவற்றை உண்டாக்குபவர், சேகரிப்பவர், ஏற்றிச் செல்பவர், சேமிப்பவர், மீள்சுழற்சி செய்பவர், அகற்றுபவர் எல்லோரையும் அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம். கழிவு கைமாறுகிற ஒவ்வோர் இடத்திலும் கணக்கு இருக்க வேண்டும். கணக்கு அறுந்த இடத்தில்தான் அது காட்டுக்குள் போகும்.

பரந்தனைத் தாண்டும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் இந்த நினைவு வரும். ஆனையிறவு உப்பை வைத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த அரச இரசாயனத் தொழிற்சாலை 1950களில் அங்கே தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். அது தொடங்கிய காலத்தில் கழிவைப் பற்றிக் கேள்வி கேட்கத் தனியான சுற்றாடல் சட்டம் நாட்டில் இல்லை. அந்தச் சட்டம் வந்து சில வருடங்களில் போர் வந்து ஆலையை மூடிவிட்டது. இன்றைக்கு அதே ஆலையை யாராவது தொடங்குவதென்றால், முதல் கல் வைக்க முன்பே கோப்புக் கோப்பாகக் கேள்விகள் காத்திருக்கும். அது நல்லதுதான்.

சட்டம் எப்போதும் முன்னேதான் போகும் என்று நினைத்துவிடவும் கூடாது. அஸ்பெஸ்டஸ் சீற் இறக்குமதியை 2018-லிருந்து குறைத்து 2024-க்குள் நிறுத்துவதாக அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையில் வண்டு இருந்ததென்று இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் வருவதும் ரஷ்யாவிலிருந்துதான். கொஞ்ச நாளில் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தளர்ந்தது, தேயிலைத் தடையும் நீங்கியது. களைநாசினி கிளைபோசேட்டை 2015-ல் தடை செய்தார்கள், 2018-ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள், 2022-ல் தடையை எடுத்தார்கள். இடையில் 2021-ல் இரசாயன உரத்தையே ஒரே இரவில் நிறுத்தி, அந்த வருடமே திரும்பக் கொடுத்ததை வயல் செய்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விஞ்ஞானம் ஒரு பக்கம் இழுக்கும், வியாபாரம் ஒரு பக்கம் இழுக்கும், தேர்தல் இன்னொரு பக்கம். அதனால்தான் போன வருடம் கேட்டறிந்ததை இந்த வருடமும் அப்படியே நம்பி நடக்கக் கூடாது.

நீதிமன்றமும் சட்டத்தை மாற்றும், எழுத்து மாறாமலே. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் கலந்த விவகாரம் வடக்கு முழுவதும் தெரிந்தது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டைப் பிடித்து, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்றில் மிதக்கிற ஒயிலுக்கு இலங்கையில் ஒரு விலை இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது.

இன்னொரு திசையையும் சொல்ல வேண்டும், விவசாயிகளுக்கு இது கிட்டத்து விஷயம். பழைய விதிகள் கழிவைக் கொட்டுகிறவரைத்தான் பிடித்தன. புதியவை, பொருளைச் செய்து விற்கிறவரை நோக்கித் திரும்புகின்றன. 2021 மார்ச் 31-லிருந்து விவசாய இரசாயனங்களைப் பெட், பி.வி.சி. பிளாஸ்டிக்கில் அடைக்கத் தடை வந்தது இந்த வகை. வாய்க்கால் கட்டில் கிடக்கிற வெற்றுப் போத்தலுக்கு விவசாயி மட்டும் பொறுப்பில்லை, அதை அடைத்து விற்றவருக்கும் பங்கு உண்டு என்கிறது அந்த யோசனை. எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம். முத்தையன்கட்டிலிருந்தோ இரணைமடுவிலிருந்தோ தண்ணீர் திறந்துவிட்ட அன்று வாய்க்காலோரம் நடந்து பாருங்கள். முதல் தண்ணீரோடு மருந்துப் போத்தல்கள் வரிசையாக மிதந்து வரும். மூடி இல்லாத ஒன்றை எடுத்துக் குலுக்கினால் அடியில் இன்னும் பால் மாதிரிக் கொஞ்சம் இருக்கும். கீழ்வாய்க்காலில் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீர் அது.

போத்தலை வயலிலேயே மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரை மருந்தடிக்கிற தாங்கிக்குள்ளேயே விட்டுவிட்டால் அந்த மிச்சம் பயிருக்கே போய்விடும். பிறகு போத்தலில் ஓட்டை போட்டு, வேறு எதற்கும் பாவிக்க முடியாதபடி ஒதுக்கி வைக்கலாம். எரிக்கக் கூடாது. பற்றரியைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுப்பது சரி, ஆனால் நிறை குறைக்கவென்று அமிலத்தை நிலத்தில் ஊற்றிவிட்டுக் கொடுப்பது சரியில்லை. ஈயமும் அதோடு நிலத்துக்குப் போகும். உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றை அரியாமல், நொறுக்காமல், நனைத்துத் தூக்குங்கள். தூசிதான் நெஞ்சுக்குள் போகிற நஞ்சு. உங்கள் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்ற கேள்வியை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். சில சிறு தொழில்களுக்குப் பிரதேச சபையே கொடுக்கிறது. போகும்போது "இப்போது நடைமுறையில் உள்ள வர்த்தமானி எது?" என்று கேளுங்கள். எத்தனையாம் ஆண்டு என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாமாவின் பரலுக்கு வருவோம். கழிவு ஒயிலை எறியவே தேவையில்லை, அதற்கு விலை இருக்கிறது. அனுமதி பெற்றவர்கள் சேர்த்து எடுத்துப் போகிறார்கள். இந்த நாட்டில் ஆபத்தான கழிவில் கணிசமான பங்கு புத்தளத்தில் சீமெந்துச் சூளையின் கடும் வெப்பத்தில் எரிக்கப்படுகிறது. இதையெல்லாம் சொன்னபோது மாமா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனேன். பரல் கூரைக்குக் கீழே சீமெந்துத் தரைக்கு வந்திருந்தது. தரையைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கல் வைத்துக் கட்டி, வழிந்தால் உள்ளேயே நிற்கும்படி செய்திருந்தார். மேலே ஒரு தகர மூடி. பரலின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் "கழிவு ஒயில்" என்று எழுதி, அதற்குக் கீழே அன்றைய திகதி.

"வேலிக்கு என்ன பூசுறது எண்டு கேட்டு வாற சனத்துக்கு நீதான் பதில் சொல்ல வேணும்" என்றார்.

கட்டையின் அடியை நெருப்பில் வாட்டிக் கருக்கி நடலாம் என்றேன். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தவராம்.